பெட்டி இப்போது எங்கே? சரக்கை அடையாளம் காணும் தொழில்நுட்பங்கள், ஓர் எளிய அறிமுகம்

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தடவையாவது கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்றிருப்பீர்கள். வடசென்னைக்காரர்களுக்கு அது தினப்படி. அடுத்த முறை நிற்கும்போது முன்னால் இருக்கும் பெட்டியின் கதவைக் கொஞ்சம் கவனியுங்கள். வலது பக்கக் கதவின் மேல்பகுதியில் நான்கு ஆங்கில எழுத்துகள், அவற்றை அடுத்து ஆறு இலக்கங்கள், அப்புறம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். இந்தப் பதினொன்றும் இதே வரிசையில் அமைந்த இன்னொரு பெட்டி உலகத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. சரக்கைப் பின்தொடரும் எல்லாத் தொழில்நுட்பமும் இந்த மாதிரி ஒரு பெயரில்தான் தொடங்குகிறது.

ஏன் என்றால், சரக்கு விஷயத்தில் நமக்குத் தெரிய வேண்டியவை மூன்று. இது எது? இப்போது எங்கே இருக்கிறது? நல்ல நிலையில் இருக்கிறதா? கடையில் விற்கும் கருவி எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொல்லும். ஒன்றுக்குப் பதில் சொல்லும் கருவியிடம் மற்றொன்றுக்கும் பதிலை எதிர்பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள், ஊருக்குப் பார்சல் அனுப்புபவர்கள், துறைமுகப் பக்கம் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பெட்டிக்கு ஒரு பெயர்

கன்டெய்னர் கதவில் இருக்கும் அந்த எண்ணுக்கு ஐ.எஸ்.ஓ. 6346 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளர் யார் என்பதைச் சொல்கின்றன. இரண்டு நிறுவனங்கள் ஒரே எழுத்துகளை எடுத்துக்கொள்ளாமல் இருக்க, பாரிஸில் 1933-இல் தொடங்கப்பட்ட பி.ஐ.சி. என்ற அமைப்பு அவற்றைப் பதிவு செய்து வைக்கிறது. நான்காவது எழுத்து பெரும்பாலும் யூ. அது சரக்குக் கன்டெய்னர் என்பதற்கான அடையாளம். அடுத்த ஆறு இலக்கமும் உரிமையாளர் தாமே கொடுக்கும் வரிசை எண். கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர்.

பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாளில் எழுதிவந்த பெட்டி எண்ணைக் கணினியில் ஏற்றுவதுதான் முதல் வேலை. அங்கே இருந்த பெரியவர் ஒருவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, கட்டத்துக்குள்ள இருக்கிற நம்பரையும் சேர்த்து எழுது. அது இல்லாம எங்கிட்ட நம்பர் கொண்டு வராதே." ஏன் அப்படிச் சொன்னார் என்பது கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

இந்தக் கணக்கைச் சொல்லித்தரும்போது வழக்கமாக எடுக்கும் எண் ஒன்று உண்டு: சி.எஸ்.கியூ.யூ. 305438, கட்டத்துக்குள் 3. முதலில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுக்க வேண்டும். ஏ என்றால் 10, பி என்றால் 12, சி என்றால் 13 என்று வரிசை போகும். நடுவில் பதினொன்றின் மடங்குகளான 11, 22, 33 ஆகியவற்றைத் தாண்டிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் சி 13, எஸ் 30, கியூ 28, யூ 32. இப்போது நம் கையில் பத்து மதிப்புகள்: 13, 30, 28, 32, 3, 0, 5, 4, 3, 8. முதல் மதிப்பை 1-ஆல், அடுத்ததை 2-ஆல், அதற்கடுத்ததை 4-ஆல் என்று இரட்டித்துக்கொண்டே போய், பத்தாவதை 512-ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்தில் இருப்பதும் 3. எண் சரி. மீதி 10 வந்தால் கட்டத்தில் 0 போடுவார்கள்.

இப்போது எழுதியவர் அவசரத்தில் 305438 என்பதை 304538 என்று மாற்றி எழுதிவிட்டார் என்று வையுங்கள். தினமும் நடக்கும் தவறுதான் இது. கூட்டுத்தொகை 6249 ஆகிவிடும், மீதி 1. கட்டத்தில் 3 இருக்கிறதே என்று கணினி அங்கேயே நிறுத்திவிடும். ஓர் இலக்கம் தவறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இந்தக் கணக்கு அநேகமாகப் பிடித்துவிடும். பிடிக்காமல் போயிருந்தால் யாரோ ஒருவருடைய பெட்டி நம் கணக்கிலும், நம் பெட்டி யாருடைய கணக்கிலும் இல்லாமலும் நிற்கும். துறைமுகத்தில் பெட்டி சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் கட்ட வேண்டும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் விமானச் சரக்குச் சீட்டின் கடைசி இலக்கமும் இதே வேலையைத்தான் வேறு வேறு சூத்திரங்களில் செய்கின்றன.

அதே கதவில் பெட்டி எண்ணுக்குக் கீழே 22 ஜி 1, 45 ஜி 1 என்கிற மாதிரி இன்னொரு குறி தெரியும். முதல் இலக்கம் நீளம்: 2 என்றால் இருபது அடி, 4 என்றால் நாற்பது அடி. இரண்டாவது உயரம்: 2 என்றால் எட்டரை அடி, 5 என்றால் ஒன்பதரை அடி. ஜி என்றால் சாதாரணப் பெட்டி, ஆர் என்றால் குளிரூட்டும் பெட்டி. இவ்வளவு தெரிந்தாலே சாலையில் போகும் பெட்டியைத் தூரத்திலிருந்து படித்துவிடலாம். துறைமுக வாசலில் இருக்கும் கேமராக்கள் செய்வதும் அதேதான். எழுத்தைப் படம் பிடித்து, படத்திலிருந்து எண்ணாக மாற்றி, கடைசி இலக்கத்தை வைத்துச் சரிபார்த்துக்கொள்கின்றன. சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் 1983-இல் தொடங்கியபோது இந்த வேலை முழுவதையும் ஆட்கள்தான் கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்தார்கள்.

மார்க்காவிலிருந்து பார்கோடு வரை

கன்டெய்னருக்கு முன்னாலேயே மூட்டைக்குப் பெயர் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சௌகார்பேட்டையிலும் கொத்தவால்சாவடிப் பக்கத்திலும் சாக்கு மூட்டை மேல் கறுப்பு மையால் எழுதியிருக்கும் எழுத்தை மார்க்கா என்பார்கள். வியாபாரியின் பெயரெழுத்து, போய்ச் சேரும் ஊர், எத்தனையாவது மூட்டை என்பதெல்லாம் அதில் அடங்கிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் படிக்க ஒரு மனிதர் வேண்டும். ஒரு ராத்திரியில் பத்தாயிரம் பண்டல் இறங்கும் கிடங்கில் மனிதக் கண் தோற்றுப்போகும்.

பார்கோடு அந்த இடத்தை நிரப்ப வந்தது. அமெரிக்காவில் நார்மன் ஜோசஃப் உட்லேண்ட் கடற்கரை மணலில் உட்கார்ந்து, மோர்ஸ் தந்திக் குறியின் புள்ளியையும் கோட்டையும் விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தபோது அந்த யோசனை பிறந்தது. அவரும் பெர்னார்டு சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். தடித்த கோடு, மெல்லிய கோடு, நடுவில் வெள்ளை இடைவெளி. ஒளி பட்டால் வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கிக்கொள்ளும். திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்துக் கருவி எண்ணைப் படிக்கிறது. கடையில் முதன்முதலாக ஸ்கேன் ஆன பொருள் 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சூயிங்கம் பாக்கெட்.

அதற்கு முன்பே பார்கோடை ரயில் சரக்குப் பெட்டிகளில் முயன்று பார்த்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க ரயில் நிறுவனங்கள் 1967 முதல் வேகன்களின் பக்கவாட்டில் வண்ணப் பட்டைகள் கொண்ட ஒரு பலகையை ஒட்டின. பெயர் கார்டிராக். தண்டவாளத்தின் ஓரத்தில் நின்ற கருவி, ஓடும் வண்டியில் அந்தப் பட்டைகளைப் படிக்கும். தொழில்நுட்பம் நன்றாகத்தான் வேலை செய்தது. தோற்கடித்தது தூசியும் கரியும். பட்டைகள் அழுக்கேறின, துடைக்க ஆளில்லை, படிக்க முடியாத வேகன்கள் பெருகின, பத்தே வருஷத்தில் கைவிட்டார்கள். மணலியிலும் எண்ணூரிலும் நிலக்கரி தூசி படிந்து நிற்கும் வேகன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். பார்கோடுக்கு வெளிச்சமும் சுத்தமும் நேர்ப் பார்வையும் வேண்டும். மழையில் நனைந்து கசங்கிய ஸ்டிக்கரை எந்தத் துப்பாக்கி ஸ்கேனராலும் படிக்க முடியாது.

இதைக் கொஞ்சம் சமாளித்தது கியூ.ஆர். குறியீடு. ஜப்பானில் 1994-இல் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கெடுப்பதற்காக டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது. டீக்கடையில் பணம் கட்ட நாம் ஸ்கேன் செய்வது அந்தத் தொழிற்சாலைக் குறியீட்டைத்தான். சேதத்தைத் தாங்கும் அளவை அதிகமாக வைத்து அச்சிட்டால், சுமார் 30 சதவீதம் வரை கிழிந்தாலும் அழுக்கானாலும் மீதியை வைத்து முழுத் தகவலையும் மீட்டுவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண பார்கோடுக்குள் சரக்கைப் பற்றிய விவரம் எதுவும் கிடையாது. இருப்பது வெறும் எண். என்ன பொருள், யார் அனுப்பினார், எங்கே போகிறது என்பதெல்லாம் வேறெங்கோ ஒரு கணினியில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதிவைத்திருக்கும். 890 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் இந்தியாவில் தயாரானது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஜி.எஸ்.1 என்ற அமைப்பின் இந்தியக் கிளையில் பதிவான எண் என்பதை மட்டும்தான் காட்டும். பெரிய நிறுவனங்கள் அனுப்பும் சரக்கில், ஒவ்வொரு அடுக்குக்கும் 18 இலக்கம் கொண்ட தனி எண் ஒன்றை அதே அமைப்பின் முறைப்படி ஒட்டுவார்கள்.

சுங்கச்சாவடியில் கிடைத்த பாடம்

ஆர்.எஃப்.ஐ.டி. என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் ஃபாஸ்டேகைக் காட்டுவேன். 2021 பிப்ரவரி நடுவிலிருந்து நாடு முழுவதும் அது கட்டாயம். வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளில் பேட்டரி கிடையாது. மெல்லிய உலோக ஆன்டெனாவும் கடுகை விடச் சிறிய ஒரு சிப்பும்தான். பரனூர் சுங்கச்சாவடியின் மேலே தொங்கும் கருவி ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சிப் விழிக்கிறது, வந்த அலையைத் தன் எண்ணுக்கு ஏற்ப மாற்றி மாற்றித் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவுதான். இந்தியாவில் இதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை ஒதுக்கியிருக்கிறார்கள்.

பார்கோடை விட இதில் இரண்டு லாபம். கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, அட்டைப்பெட்டிக்குள் இருந்தாலும் படிக்கும். ஒன்றொன்றாகக் காட்ட வேண்டியதில்லை, ஒரு வண்டிச் சரக்கு வாசலைத் தாண்டும்போதே நூற்றுக்கணக்கான டேக்குகளைப் படித்துவிடலாம். குறை என்னவென்றால், இந்த அலைக்கு இரும்பும் தண்ணீரும் ஆகாது. உலோகம் அலையைத் திருப்பியடிக்கும், தண்ணீர் உறிஞ்சிவிடும். எவர்சில்வர் பாத்திரப் பெட்டியிலும் தண்ணீர் பாட்டில் பெட்டியிலும் சாதாரண டேக்கை ஒட்டிவிட்டு ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் காரணம் இதுதான். இரும்புப் பெட்டிக்கு என்றே இடைவெளி விட்டு அமைத்த டேக் தனியாக இருக்கிறது.

இதே தொழில்நுட்பத்தை வைத்துத்தான் நம் நாட்டில் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்ற ஏற்பாடு நடக்கிறது. 2016-இல் மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கி, பிறகு சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கும் வந்தது. துறைமுகத்தில் கன்டெய்னரில் ஒரு டேக்கைக் கட்டிவிடுவார்கள். துறைமுக வாசல், சுங்கச்சாவடி, கன்டெய்னர் கிடங்கு என வழியில் எங்கெல்லாம் படிக்கும் கருவி இருக்கிறதோ அங்கெல்லாம் அது தாண்டிய நேரம் பதிவாகும். இணையத்தில் பெட்டி எண்ணைப் போட்டால் கடைசியாக எந்த வாசலைத் தாண்டியது என்று தெரியும்.

"கடைசியாக எந்த வாசலை" என்பதைக் கவனியுங்கள். பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரியாது. அது கண்ணில் பட்ட இடமும் நேரமும்தான் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் சாவடியைக் காலை ஆறு மணிக்குத் தாண்டிய பெட்டி பத்து மணிக்கு எங்கே என்பது நம் ஊகம். நாம் ட்ராக்கிங் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த மாதிரிக் கடைசித் தரிசனங்களின் பட்டியல்தான். பார்கோடு, கேமரா, ஆர்.எஃப்.ஐ.டி. எல்லாமே இந்த வகை. இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பூட்டு சொல்லும் சேதி

கதவைப் பூட்டியவர் பூட்டிய மாதிரியே பெட்டி வந்து சேர்ந்ததா என்பது இன்னொரு கவலை. பூம்புகார்த் துறைமுகத்தில் ஏற்றுமதி இறக்குமதி மூட்டைகள் மேல் அதிகாரிகள் சோழரின் புலி முத்திரையைப் பொறித்தார்கள் என்று சங்கப் பாடல் சொல்கிறது. முத்திரை இருந்தால் அரசு பார்த்த சரக்கு. இன்றைக்குக் கன்டெய்னர் கதவில் மாட்டும் பாட்டில் சீலுக்கும் அதே பொருள்தான். தடித்த இரும்பு ஆணி, அதன் தலையில் ஓர் எண். வெட்டித்தான் எடுக்க முடியும், எடுத்ததைத் திரும்ப மாட்ட முடியாது.

2017-இல் சுங்கத்துறை இதற்குள் ஆர்.எஃப்.ஐ.டி. சிப்பையும் கொண்டுவந்தது. ஒரகடத்தில் இருக்கும் ஒரு தொழிற்சாலை தன் சரக்கைத் தானே பெட்டியில் ஏற்றி, இந்த மின்சீலை மாட்டி, சீல் எண்ணையும் ஏற்றுமதி ஆவணத்தின் எண்ணையும் இணைத்துப் பதிவேற்றிவிடும். துறைமுகத்தில் அதிகாரி கைக்கருவியால் படித்தால் இரண்டும் பொருந்துகிறதா, வழியில் யாராவது கைவைத்தார்களா என்று தெரிந்துவிடும். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் இறக்கிப் பார்க்க வேண்டிய தேவை பெருமளவு குறையும்.

ஜி.பி.எஸ்., மூன்றாவது பண்டல்

வாசல் வாசலாகப் பதிவதை விட்டு, வழியெல்லாம் கூடவே வருவது ஜி.பி.எஸ். இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. செயற்கைக்கோள் மேலிருந்து லாரியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறார்கள். செயற்கைக்கோளுக்கு நம் லாரி இருப்பதே தெரியாது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவை, துல்லியமான அணுக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு "இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். லாரியில் இருக்கும் கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ரேடியோ அலை ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே 300 மீட்டர் பிசகிவிடும். கடிகாரம் அவ்வளவு முக்கியம்.

கணக்கிட்ட இடத்தை நமக்குச் சொல்ல அந்தக் கருவிக்கு ஒரு சிம் கார்டு வேண்டும். ஆக, வானம் தெரிய வேண்டும், செல்போன் சிக்னலும் இருக்க வேண்டும். இரும்புக் கூரைக்குக் கீழே முதலாவது போய்விடும், காட்டுப் பாதையில் இரண்டாவது போய்விடும். நல்ல கருவி, சிக்னல் இல்லாத நேரத்துப் பதிவுகளைச் சேர்த்துவைத்து அப்புறம் அனுப்பும்.

என் சித்தப்பா தூத்துக்குடியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஒரு தீபாவளிக்கு முன்னால், சௌகார்பேட்டையில் வாங்கிய மூன்று பண்டல் எவர்சில்வரை லாரி பார்சலில் போட்டுவிட்டு, எல்.ஆர். எண்ணை, அதாவது லாரி ரசீது எண்ணை, அவருக்கு அனுப்பினேன். ராத்திரி முழுக்க இரண்டு பேரும் செல்போனில் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுப்புரம் தாண்டியது, திருச்சி தாண்டியது, விடியும்போது மதுரை. மதியம் சித்தப்பா போன் செய்தார்: "ஏலேய், ரெண்டு பண்டல்தான் இறங்கிருக்கு. மூணாவது எங்கடா?" நான் நம்பவே இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தோமே!

பார்த்துக்கொண்டிருந்தது லாரியை. பண்டலை யாரும் பார்க்கவில்லை. பண்டல் அந்த லாரியில் இருக்கிறது என்பது, ஏற்றும் இடத்தில் யாரோ ஒருவர் செய்த ஒரு பதிவை வைத்து எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த விஷயம். சரக்குக் கண்காணிப்பில் மிக மெலிந்த கண்ணி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பொருள் அட்டைப்பெட்டிக்குள், அட்டைப்பெட்டி பண்டலுக்குள், பண்டல் லாரிக்குள் அல்லது கன்டெய்னருக்குள், கன்டெய்னர் கப்பலுக்குள். வெளியே இருக்கும் ஒன்றைத்தான் கருவி தொடர்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் "இது அதற்குள் போனது" என்ற சங்கிலிப் பதிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு லோடுமேன் அவசரத்தில் ஒரு ஸ்டிக்கரை ஸ்கேன் செய்யாமல் விட்டாலும், ஸ்கேன் செய்துவிட்டு ஏற்றாமல் விட்டாலும், விலை உயர்ந்த ஜி.பி.எஸ். கருவி தவறான நம்பிக்கையைத்தான் கொடுக்கும். லோடுமேனைக் குறை சொல்லவில்லை. அறுபது கிலோ பண்டலைத் தோளில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஸ்கேன் செய்யச் சொல்லும் ஏற்பாடுதான் தவறு. வாசலைத் தாண்டும்போது தானாகவே படிக்கிற மாதிரி அமைப்பதுதான் அவருக்கும் நல்லது, சரக்குக்கும் நல்லது.

இந்தக் கண்ணியின் அருமை அரசுக்கும் தெரியும். 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு வந்ததே, அதன் இரண்டாம் பகுதியில் கேட்பது வண்டி எண். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு எந்த வண்டியில் இருக்கிறது என்ற இணைப்பு அங்கே பதிவாகிறது. வண்டி வழியில் பழுதாகி வேறு வண்டியில் மாற்றினால் அந்தப் பகுதியைத் திருத்த வேண்டும். வரிக்காக வந்த ஏற்பாடுதான் என்றாலும், சரக்கையும் வண்டியையும் சேர்த்துக் கட்டும் முடிச்சு அது.

கடலும் வானும்

மெரினாவில் நின்று பார்த்தால் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல் ஒவ்வொன்றும் தன் அடையாளம், இடம், வேகம், திசை ஆகியவற்றை வி.எச்.எஃப். ரேடியோவில் தானாகவே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஏ.ஐ.எஸ். என்று பெயர். ஓடும்போது சில நொடிக்கு ஒரு தடவை, நங்கூரமிட்டிருந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை. கப்பலும் கப்பலும் மோதாமல் இருக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். அந்த ஒலிபரப்பைக் கரையிலும் செயற்கைக்கோளிலும் பிடித்து வரைபடத்தில் போடுவதால் நாமும் வீட்டிலிருந்தே கப்பலைப் பார்க்க முடிகிறது. இங்கேயும் மூன்றாவது பண்டல் கதைதான்: கப்பல் தெரியும், அதற்குள் நம் பெட்டி இருப்பது பதிவேட்டை நம்பி.

மீனம்பாக்கம் வழியாகப் போகும் விமானச் சரக்குக்கு 11 இலக்கச் சீட்டு எண். முதல் மூன்று விமான நிறுவனத்தைக் குறிக்கும், ஏர் இந்தியா என்றால் 098. அடுத்த ஏழு இலக்க எண்ணை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். ரயிலில் ஒவ்வொரு வேகனுக்கும் அதேபோல் 11 இலக்கம். வேகன் வகை, எந்த ரயில்வே மண்டலத்துக்குச் சொந்தம், தயாரித்த வருஷம் எல்லாம் அதிலேயே இருக்கும்.

வந்து சேர்ந்தது சரி, நன்றாக வந்ததா?

இறால் ஏற்றுமதி செய்பவருக்குப் பெட்டி எங்கே என்பது பாதிக் கேள்விதான். மைனஸ் 18 டிகிரியிலேயே வந்ததா என்பது மீதிப் பாதி. குளிர்ப்பெட்டிக்குள் வைக்கும் வெப்பப் பதிவுக் கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொண்டே வரும். வழியில் நான்கு மணி நேரம் மின்சாரம் போயிருந்தால் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு என்பது வரைகோட்டில் தெரிந்துவிடும். சரக்கு கெட்டதற்கு யார் பொறுப்பு என்ற வழக்கில் இதுதான் சாட்சி.

இந்த வகையில் நான் மிகவும் மதிப்பது மின்சாரமே இல்லாத ஒன்றை. தடுப்பூசிக் குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிர்நிறச் சதுரமும் ஒட்டியிருக்கும். வெப்பம் பட்ட நேரத்துக்கு ஏற்ப அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே போகும், திரும்ப வெளுக்காது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. 1996-இல் போலியோ சொட்டு மருந்தில் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் குப்பியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். படிக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

ஆபத்தான சரக்கிலும் இப்படிக் கண்ணால் படிக்கும் அடையாளம் உயிர் காக்கும். தண்டையார்பேட்டை, மணலி பக்கம் ஓடும் டேங்கர்களின் பின்னால் நான்கு இலக்க எண் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். பெட்ரோல் 1203, சமையல் எரிவாயு 1075. ஐ.நா. வகுத்த எண்கள் இவை. விபத்து நடந்தால் தீயணைப்பு வீரர் ஓட்டுநரைத் தேட வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தே தண்ணீர் அடிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யலாம். 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வருஷக்கணக்காக இருந்தது. பதிவேட்டில் அதன் இடம் தெளிவாகவே இருந்திருக்கும். 2020 ஆகஸ்டில் லெபனானில் இதே வேதிப்பொருளால் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். சரக்கு எங்கே இருக்கிறது என்ற தகவல் யார் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை எந்தக் கருவியும் தீர்த்துவைக்காது.

நீங்கள் அனுப்பும்போது

ஐந்து பண்டல் அனுப்பும் சின்ன வியாபாரிக்கு ஆர்.எஃப்.ஐ.டி. வாசலும் மின்சீலும் தேவையில்லை. ஒவ்வொரு பண்டலிலும் இரண்டு பக்கமும் ஊர் பெயர், எல்.ஆர். எண், அப்புறம் 1/5, 2/5 என்ற எண்ணிக்கையைத் தடித்த மார்க்கரில் எழுதுங்கள். ஸ்டிக்கர் கிழிந்தாலும் இது இருக்கும். புக்கிங் செய்யும்போதே, ஒவ்வொரு பண்டலுக்கும் தனி பார்கோடு உண்டா, அல்லது எல்.ஆருக்கு மொத்தமாக ஒன்றுதானா என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் ஒரு பண்டல் தவறினாலும் கணினி எல்லாம் சரி என்றே காட்டும். சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக்கை உள்ளே போட்டு அனுப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குத் தன் இடம் தெரியாது. பக்கத்தில் வரும் யாருடைய செல்போனாவது அதைக் கேட்டுச் சொன்னால்தான் உண்டு. ஊருக்குள் கிடங்கில் கிடந்தால் காட்டிக்கொடுக்கும், ராத்திரி நெடுஞ்சாலையில் நம்ப முடியாது.

சரக்கு வரவில்லை என்றால் அலுவலகத்துக்குப் போன் செய்து "எங்கே இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "வந்துகிட்டே இருக்கு சார்" என்ற பதில்தான் கிடைக்கும். "கடைசியாக ஸ்கேன் ஆனது எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, ஏற்றும்போதா இறக்கும்போதா?" என்று கேளுங்கள். சித்தப்பாவின் பண்டலுக்காக நான் மூன்று தடவை போன் செய்தும் முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை. நான்காவது தடவை இப்படிக் கேட்டபோது, எதிர்முனையில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "மூணாவது மட்டும் மாதவரத்துல இறக்கும்போது ஸ்கேன் ஆகியிருக்கு சார், ஏத்தும்போது ஆகலை" என்றார். அன்று சாயங்காலமே மாதவரம் கிடங்கில், திருநெல்வேலிக்குப் போக வேண்டிய மிக்ஸி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் அதைக் கண்டெடுத்தார்கள். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது கடைக்குப் போய்ச் சேர்ந்தது.